மூன்றாம் ஓலை

மார்ச் 5, சாம்பல் புதன்

ஆராதனை முடிந்து கோயில் வாசலில் நின்று, ஈஸ்டருக்கு முந்தின இந்த லெந்து நாற்பது நாளும் எதை விடப்போகிறோம் என்று பெண்கள் பேசிக்கொண்டிருந்தோம். சுகிர்தா மீனை விடுகிறாளாம். "நெத்திலி மட்டும் மீன்ல சேராதுல்லா?" என்று குருவானவரின் மனைவி ஐயரம்மாவிடம் கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தாள். நான் காப்பியை விடுவதாகச் சொன்னேன்.

அது பொய். ஆகஸ்டுக்குப் பிறகு வீட்டில் நான் காப்பி போட்டதே இல்லை. விட்டுப்போனதையே மறுபடி விடுகிறேன்.

தினம் நாலு வரி எழுதி மனதை ஆராய்ந்து பாருங்கள் என்று ஐயர் பிரசங்கத்தில் சொன்னார். நான் வேலை பார்க்கிற கல்லூரி நூலகத்தில் பாதி எழுதாத வருகைப் பதிவேடு ஒன்று கிடந்தது. எடுத்து வந்துவிட்டேன்.

மார்ச் 6

மோட்டார் மறுபடி மக்கர். குடத்தில் தண்ணீர் எடுத்தேன்.

ஐந்து மணிக்குச் சுவருக்கு அப்பால் பாட்டு தொடங்கியது.

என் வீட்டுக்கும் புஷ்பம் சித்தி வீட்டுக்கும் ஒரே சுவர். மேலே காற்றுக்காக விட்ட துவாரம் வழியாக எல்லாம் கேட்கும். பாடுவது சித்தியின் ஒரே மகள் பியூலா. இருபத்தொன்பது வயது. பாடகர் குழுவில் எட்டு வருடம் என் பக்கத்தில் நின்றவள். நான் சோப்ரனோ, ராகத்தை எடுத்துப் பாடுகிறவள்; அவள் ஆல்டோ, அதற்குக் கீழ்க்குரலில் துணை. ஆகஸ்டிலிருந்து அந்தப் பின்னறையை விட்டு அவள் அதிகம் வெளியே வருவதில்லை. சாயங்காலம் மட்டும் பாடுகிறாள். அதுவும் ஆல்டோவை மட்டும்.

ஆல்டோவைத் தனியாகக் கேட்டால் எந்தப் பாட்டு என்று பிடிபடாது. ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வரும். யாரோ ஒருவர் பேசுவதற்கு இன்னொருவர் "ஆமாம், ஆமாம்" என்று சொல்லிக்கொண்டே இருப்பதுபோல. பேசுகிறவர் அங்கே இல்லை.

நான் பாத்திரம் கழுவுகிற இடத்தில் நின்று வாய்க்குள்ளேயே ராகத்தைச் சேர்த்துப் பார்ப்பேன். மூன்றாவது வரியில் பாட்டு தெரிந்துவிடும். இன்றைக்கும் தெரிந்தது. சத்தமாகப் பாடவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

பெரிய வெள்ளிக்கிழமை இயேசுவின் ஏழு சிலுவை மொழிகளைத் தியானிக்க ஏழு பேரை ஐயர் நியமித்துவிட்டார். "எமல்டாம்மா, முதலாம் வார்த்தை உங்களுக்கு. மறுப்புச் சொல்லக் கூடாது."

"அக்கா ஜெபம் பண்ணுனாலே நமக்குக் கண்ணுல தண்ணி வரும். பேசுனா கேக்கணுமா?" என்றாள் சுகிர்தா.

முதலாம் வார்த்தை மன்னிப்பின் வார்த்தை. சரி என்று தலையாட்டிவிட்டேன்.

புஷ்பம் சித்தி வழக்கம்போலக் கடைசி பெஞ்சில் இருந்தார்கள். திருவிருந்து தொடங்கும் முன் எழுந்து போய்விட்டார்கள். ஏழு மாதமாக இப்படித்தான். ஜனவரியில் ஐயர் கேட்டதற்கு, "மனசுல ஒருத்தி மேல இம்புட்டுப் பகைய வச்சிக்கிட்டு அங்க வந்து முழங்கால் போட எனக்குத் தைரியம் இல்ல ஐயரே" என்று சொன்னார்களாம்.

அந்த ஒருத்தி, சித்தியின் நாத்தனார் செல்வக்கனி அக்கா. இரண்டு தெரு தள்ளி இருக்கிறார்.

போன ஆகஸ்டில் பியூலாவுக்குக் கல்யாணம் முடிவாகி, கோயிலில் ஓலை வாசிக்கத் தொடங்கியிருந்தார்கள். மூன்று ஞாயிறு பெயர்களை வாசித்து, யாருக்காவது தடை தெரியுமா என்று சபையைக் கேட்பது எங்கள் வழக்கம். இரண்டு ஓலை வாசித்தாயிற்று. மூன்றாம் ஓலைக்கு முந்தின சனிக்கிழமை மாப்பிள்ளை வீட்டிலிருந்து போன். "பொண்ணு தலைக்கு மாத்திரை சாப்பிடுதாமே? ஏன் மறைச்சிய?"

மாத்திரை விஷயம் சித்திக்கும், பியூலாவை முதன்முதலில் பாளையங்கோட்டை டாக்டரிடம் அழைத்துப்போன செல்வக்கனி அக்காவுக்கும்தான் தெரியும். சித்தி வெளியே சொல்லவில்லை. ஆகவே செல்வக்கனி.

விஷயம் எப்படி வெளியே போனது என்று யாருக்கும் தெரியவில்லை.

மார்ச் 14

லெந்துக் கூடுகை. ஜெபம் பண்ண என் முறை. தொண்டை கட்டியிருக்கிறது என்றேன். மூன்று வீட்டிலிருந்து மிளகுப்பால் வந்தது. மூன்றையும் குடித்தேன்.

மார்ச் 18

ஒன்பதாம் தேதி எழுதியதைத் திருத்த வேண்டும். எனக்கும் தெரியும்.

போன ஜூனில் பியூலாவே சொன்னாள். தினம் ஐந்து மணிக்கு அவள் வருவாள், நான் காப்பி போடுவேன். அன்றைக்கு டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தாள். அப்பா இறந்த வருடம் தூக்கம் போய், இல்லாத குரல்கள் கேட்டதாம். இப்போது ஒன்றுமில்லை. ராத்திரி அரை மாத்திரை.

"அரைதான் அக்கா. பொண்ணு கேட்டு வந்திருக்கவங்ககிட்ட நானே சொல்லிருவேன். எப்படிச் சொல்லணும்னுதான் தெரியல. நீங்க யார்கிட்டயும் சொல்லிராதிய."

"நான் யார்கிட்ட சொல்லப் போறேன்? ஜெபம் பண்ணுதேன்" என்றேன்.

ஜெபம் பண்ணுவதாகத்தான் சொன்னேன். அதைத்தான் செய்தேன்.

மார்ச் 22, சனி

துணி காயப்போடப் பின்பக்கம் போனேன். குட்டைச்சுவருக்கு அந்தப் பக்கம் பியூலா நின்றாள். எத்தனையோ வாரம் கழித்து வெயிலில் பார்க்கிறேன். கழுத்து எலும்பு தெரிகிறது. நைட்டியின் மேல் போட்டிருந்த துண்டு தலைகீழாக இருந்தது. அதைச் சொல்ல வாயெடுத்தேன்.

"அக்கா" என்றாள். "அம்மைகிட்ட நான் சொல்லல."

கையில் ஈரப் புடவை. அதை உதறினேன். தண்ணீர் அவள் முகத்திலும் தெறித்தது. அவள் துடைக்கவில்லை.

"எதைட்டி?" என்று கேட்டேன்.

என்னையே பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

எதை என்று எனக்குத் தெரியும். புடவையை மடிப்பில்லாமல் இழுத்து விரித்து, நாலு மூலைக்கும் கிளிப் போட்டுவிட்டு வந்தேன்.

மார்ச் 26

சுகிர்தா வந்து முதலாம் வார்த்தைக்கு வெள்ளைப் புடவையா, ஊதாக்கரை போட்டதா என்று அரைமணி நேரம் பேசினாள். போகும்போது வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே சொன்னாள்:

"அக்கா, தப்பா எடுத்துக்காதிய. அன்னைக்கு எங்க வீட்டுக் கூட்டத்துல நீங்க பண்ணுன ஜெபத்த நாங்க யாரும் வெளிய பேசல. ஜெபத்துல சொன்னது ஆண்டவர்கிட்ட சொன்னதுதான?"

"நான் பேர் சொல்லலியே சுகிர்தா."

"பேரு சொல்லல. ரெண்டு ஓலை முடிஞ்ச உம்முடைய பிள்ளைன்னு சொன்னிய. அந்த மாசம் ஒரே ஓலைதான் ஓடிச்சு."

"அந்த அம்மா அங்க இருந்தது எனக்குத் தெரியாது."

அவள் நிமிர்ந்தாள். "பாட்டுப் புஸ்தகம் குடுக்கும்போது நான்தான சொன்னேன். மாப்பிள்ளையோட சின்னம்மா, ஊருலருந்து வந்திருக்காவன்னு. சரி, சவத்த விடுங்க. நான்தான் சொல்லாம விட்டேனோ என்னமோ."

எனக்கு ஞாபகம் இல்லை.

மார்ச் 27

சுகிர்தா சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை.

மார்ச் 31

கல்லூரியிலிருந்து வந்த பஸ்ஸில் புஷ்பம் சித்தி பக்கத்தில் இடம் கிடைத்தது. மடியில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் ஜெபவீடு ஒன்றின் நோட்டீஸ்.

"பண்டிகை முடிஞ்சதும் பியூலாவ அங்க கொண்டு விடப்போறேன் எமல்டா. நாப்பது நாள் இருக்கணுமாம். உபவாசம் போட்டு விரட்டிருவாவளாம்."

"எதை சித்தி?"

"என்னவோ பிடிச்சிருக்குலா அவள. ஆகஸ்டுலருந்து மாத்திரைய வாயில வைக்க மாட்டேங்கா. அதுனாலதான எல்லாம் போச்சுங்கா. டாக்டர்னாலே கத்துதா. அங்கன மாத்திரையே கூடாதாம். விசுவாசம்தானாம்."

"கதவெல்லாம் பூட்டி வைப்பாங்கன்னு சொல்லுதாங்களே சித்தி."

"கம்பிக்கதவு போட்ட ரூம்பு இருக்கு. பாத்துட்டுத்தான் வாறேன்." சித்தி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். "செல்வக்கனியோட பேச்சு இருந்தா ஒரு வார்த்த கேப்பேன். அவ சொன்னா இவ கேப்பா. முதல்லயும் அவதான் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனா. அவ மூஞ்சில முழிக்கவா சொல்லுத?"

இறங்கும்போது, "நீயாவது ஜெபம் பண்ணு. உன் ஜெபம் கேக்கப்படும்" என்றார்கள்.

ஏப்ரல் 2

முதலாம் வார்த்தைக்குக் குறிப்பு எடுக்க உட்கார்ந்தேன். நூலகத்திலிருந்து மூன்று விளக்கவுரை கொண்டுவந்திருக்கிறேன். மூன்றும் ஒன்றையே சொல்கின்றன. அறியாமல் செய்தவர்களுக்காக ஆண்டவர் வேண்டிக்கொண்டார்.

அறிந்து செய்தவர்களுக்கு அவர் என்ன வேண்டிக்கொண்டார் என்று பக்கம் பக்கமாகத் தேடினேன்.

சுவரில் பாட்டு நின்று வெகுநேரம் ஆகியிருந்தது. நான் கவனிக்கவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

ஈஸ்டர் முடிந்து கல்யாணம் உள்ள ஒரு ஜோடிக்கு முதலாம் ஓலை. "தடை உண்டென்று அறிந்தவர்கள்" என்று வாசித்துவிட்டு ஐயர் வழக்கம்போலக் கொஞ்சம் நிறுத்தினார். மின்விசிறிச் சத்தம். எனக்கு முன்னால் இருந்த ஒரு பிள்ளையின் கொலுசு.

அந்த இடைவெளியில் என் குரல் கேட்டது. நான் வாயைத் திறக்கவில்லை. போன ஆகஸ்டில் சுகிர்தா வீட்டில் பண்ணின ஜெபம், ஒரு சொல் பிசகாமல், நல்ல ஏற்ற இறக்கத்தோடு கேட்டது. எத்தனை அழகாக ஜெபித்திருக்கிறேன்.

 

ஏப்ரல் 9

ஐந்து மணிக்கு என் கதவைத் தட்டும் சத்தம். மெல்ல இரண்டு, பிறகு ஒன்று. பியூலா அப்படித்தான் தட்டுவாள். திறந்தேன். யாரும் இல்லை.

சுவருக்கு அப்பால் அவள் பாடிக்கொண்டிருந்தாள்.

அலமாரியில் இன்னமும் இரண்டு டம்ளர் சேர்த்துக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். ஒன்றைத் தனியே எடுத்து உள்ளே வைத்தேன். பிறகு பழைய இடத்திலேயே கொண்டுவந்து வைத்தேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

இதை ஒரே தடவையில் எழுதிவிட வேண்டும்.

ஆகஸ்ட் 23, வெள்ளிக்கிழமை. சுகிர்தா வீட்டு முன்னறை. எட்டுப் பெண்கள். புஷ்பம் சித்தி கல்யாணப் புடவை எடுக்கத் திருநெல்வேலி போயிருந்தார்கள், பியூலாவையும் கூட்டிக்கொண்டு. வாசலில் புதுப் பச்சை நிறச் செருப்பு ஒரு ஜோடி கிடந்தது. எங்கள் ஊர்க்காரர் யாருடையதும் இல்லை. சுகிர்தா பாட்டுப் புத்தகம் கொடுக்கும்போது சொன்னாள். ஞாபகம் இருக்கிறது. முதலிலிருந்தே இருந்தது.

கடைசி ஜெபம் என்னுடையது. கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தேன். வியாதிக்காரர்கள், பரீட்சை எழுதும் பிள்ளைகள், மழை. பிறகு, "இரண்டு ஓலை முடிந்த உம்முடைய பிள்ளைக்காக" என்றேன். அந்த இடத்தில் கண்ணைத் திறந்தேன். எல்லோரும் குனிந்து முக்காட்டோடு இருந்தார்கள். ஜன்னலோரம் அந்த அம்மாள். கையில் வாட்ச் கட்டியிருந்தார். நல்ல கைகள்.

பார்த்தேன். மறுபடி கண்ணை மூடிக்கொண்டேன். "மாத்திரை இல்லாமல் அவள் தூங்கும்படி, இத்தனை வருடம் அவள் மனதை வருத்திய அந்த வியாதி அவளை விட்டு நீங்கும்படி" என்று ஜெபித்தேன். குரல் தழுதழுத்தது. யாரோ ஸ்தோத்திரம் சொன்னார்கள்.

அவள் குணமாகவேண்டும் என்று நான் கேட்டது உண்மை. அதில் பொய் இல்லை.

மாப்பிள்ளைக்குப் பெங்களூரில் வேலை. செப்டம்பர் 12 கல்யாணம், 15 ரயில். அந்த வாரம் முழுக்க அவள் காப்பி குடிக்க வரவில்லை. பிளவுஸ் தைக்கக் கொடுக்க, வளையல் வாங்க என்று போய்விட்டாள். நான் தினம் இரண்டு டம்ளர் போட்டு இரண்டையும் குடித்தேன். இதை ஏன் இங்கே எழுதினேன் என்று தெரியவில்லை.

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

பவனியில் கோயிலைச் சுற்றி வந்தோம். இரண்டாம் ஓலை வாசித்தார்கள். பக்கத்து வீட்டு ஜன்னலில் குருத்தோலைச் சிலுவை ஒன்று செருகி வைத்தேன். சாயங்காலம் பார்த்தபோது காணோம். உள்ளே எடுத்தாளா, காற்றில் விழுந்ததா தெரியவில்லை.

ஏப்ரல் 17, பெரிய வியாழன்

கல்லூரிக்கு லீவு போட்டேன். இன்று சாயங்காலம் திருவிருந்து. அதற்கு முன் சொல்லிவிட வேண்டும் என்று காலையிலிருந்து சமையலறைக்கும் வாசலுக்கும் நடந்தேன். மூன்று மணிக்குப் போனேன்.

புஷ்பம் சித்தி தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் ஒரு பெட்டி திறந்து கிடந்தது. பியூலாவின் துணிகள் நாலு, சோப்பு, துண்டு. ஜெபவீட்டுக்கு.

"வா எமல்டா. பேச்செல்லாம் தயார் பண்ணிட்டியா?"

நின்றபடியே சொன்னேன். ஜூனில் பியூலா என்னிடம் சொன்னது, சுகிர்தா வீடு, ஜெபம், ஜன்னலோரம் இருந்த அம்மாள், கண்ணைத் திறந்தது. நான்தான், செல்வக்கனி அக்கா இல்லை என்று சொன்னேன். என் குரல் வழக்கமான குரலாக இல்லை. நன்றாக இருந்தது, அப்படி இல்லாதது.

சித்தி கீரை உருவுவதை நிறுத்தவில்லை. ஒரு கொப்பு முடிந்து இன்னொன்றை எடுத்தார்கள்.

"ஜெபத்துலயா சொன்ன?"

"ஆமா சித்தி."

"ஆண்டவருக்கு முன்னமே தெரியும்லா. அவருக்கு எதுக்குட்டி சத்தம் போட்டுச் சொன்ன?"

சித்தி உருவின கொப்பை ஓரமாக எறிந்தார்கள்.

"இப்ப எதுக்கு வந்த? நாளைக்கு மன்னிப்பப் பத்திப் பேசணும். அதுக்கு முன்ன இங்க வந்து கழுவிட்டுப் போலாம்னு வந்தியோ?"

"பியூலாவ அங்க அனுப்பாதீங்க சித்தி. செல்வக்கனி அக்கா கூப்பிட்டா டாக்டர்ட்ட வருவா. அதுக்குத்தான்."

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார்கள். "அவ போயிட்டா உனக்கு ஆரு துணைன்னு நினைச்சிருப்ப. தாயும் இல்ல, பிள்ளையும் இல்ல. எம்பிள்ளையப் பிடிச்சு வச்சுக்கப் பாத்த."

 அது உண்மையா என்று இங்கேயும் எழுதப்போவதில்லை.

உள்ளறையிலிருந்து பியூலாவின் குரல் வந்தது. "அம்மா, அவங்கள ஏசாதிங்க."

"ஏட்டி, உனக்குத் தெரியுமா?"

"நான் அவங்ககிட்ட மட்டுந்தான சொன்னேன்."

சித்தி கீரையை அப்படியே போட்டுவிட்டு எழுந்தார்கள். எழ முடியாமல் சுவரைப் பிடித்தார்கள். நான் கை நீட்டினேன், அதை அவர்கள் பிடிக்கவில்லை. "எட்டு மாசம். எட்டு மாசம் அத்தைய நான் பேசாத பேச்சா? ஒருத்தியும் வாயத் தொறக்கலியே!"  என்னைப் பார்த்து, "வா. அங்கயும் வந்து சொல்லு. நான் சொன்னா நம்ப மாட்டா" என்றார்கள்.

இரண்டு தெரு. வெயில். சித்தி முன்னால், செருப்பு போட மறந்து. நான் பின்னால், செருப்போடு.

செல்வக்கனி அக்கா மாடிப்படியில் மல்லி காயவைத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் முறத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். நான் மறுபடி முதலிலிருந்து சொன்னேன். இந்தத் தடவை சீக்கிரம் முடிந்துவிட்டது.

"மைனி என் வாசல்ல வந்து காறித் துப்பிட்டுப் போனாவ" என்றார் அக்கா, சித்தியைக் காட்டி. "நீ அன்னைக்கு நின்னு பாத்த. இங்கருந்து தெரியாதுன்னு நினைச்சியோ? தெருமுக்குல அம்புட்டு ஜனத்துலயும் நீ நின்னது எனக்குத் தெரியும்."

"ஆமாக்கா."

"பாத்துக்கிட்டா இருந்த?"

"ஆமாக்கா."

"நல்ல பிள்ள" என்றார். பிறகு என்னை விட்டுவிட்டு, "மைனி, காலு சுடும், மேல ஏறுங்க" என்று சித்தியிடம் சொன்னார். சித்தி ஏறவில்லை. வெறுங்காலோடு சிமெண்டுத் தரையில் நின்று அழுதார்கள். செல்வக்கனி அக்கா இறங்கி வந்து தன் செருப்பைக் கழற்றி சித்தியின் காலருகே தள்ளினார். "போடுங்க. ஏசுறதுன்னா போட்டுக்கிட்டு ஏசுங்க."

நான் திரும்பி வந்துவிட்டேன். யாரும் போகச் சொல்லவில்லை. இருக்கவும் சொல்லவில்லை.

சாயங்காலம் கோயிலில் அவர்கள் இருவரும் சேர்ந்து போய் முழங்கால் போட்டார்கள். நான் பெஞ்சை விட்டு எழுந்து போகவில்லை.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

காலையில் ஐயரிடம் எல்லாவற்றையும் சொல்லி, குறிப்புத்தாளைக் கொடுத்துவிட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொள்ளவில்லை. "இன்னைக்கு மூணு மணி நேரமும் உக்காந்து கேளுங்கம்மா" என்று மட்டும் சொன்னார்.

முதலாம் வார்த்தையை சுகிர்தா பேசினாள். தடுமாறிப் பேசினாள். ஒரு இடத்தில் என்னைப் பார்த்து, குறிப்பில் இல்லாத ஏதோ சொல்ல வந்து விட்டுவிட்டாள். நான் கடைசி பெஞ்சில், சித்தி இத்தனை மாதம் இருந்த இடத்தில் இருந்தேன். அங்கிருந்து பார்த்தால் தூண் மறைக்கிறது. பீடம் பாதிதான் தெரியும். எனக்கு இது தெரியாது.

ஏப்ரல் 19

மோட்டார் சரிசெய்தாயிற்று. தொட்டி நிரம்பி வழிந்தது. சுவருக்கு அப்பால் பாட்டு இல்லை. பெட்டியை இழுக்கும் சத்தம் கேட்டது. போகிறாளோ என்று கதவருகே நின்றேன். யாரும் வெளியே வரவில்லை.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

விடியற்கால ஆராதனை. மூன்றாம் ஓலை வாசித்தார்கள். ஐயர் நிறுத்தினார். மின்விசிறிச் சத்தம் மட்டும். தடை ஏதும் இல்லை.

புஷ்பம் சித்தியும் செல்வக்கனி அக்காவும் வந்திருந்தார்கள். என்னிடம் பேசவில்லை. வெளியே வரும்போது செல்வக்கனி அக்கா சுகிர்தாவிடம் சொன்னது காதில் விழுந்தது: "செவ்வாக்கெழம டாக்டர்ட்ட சீட்டுப் போட்டிருக்கு. வாறேன்னுட்டா. பழைய மாத்திரையே நேத்து ஒரு நேரம் போட்டா. இன்னைக்கு என்ன சொல்லுதாளோ."

ஐந்து மணி. துவாரத்தின் அடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். ஆல்டோ தொடங்கியது. வழக்கம்போல முதல் இரண்டு வரியில் எந்தப் பாட்டு என்று தெரியவில்லை. மூன்றாவது வரி வரும் முன்பே ராகம் வந்துவிட்டது. என்னிடமிருந்து இல்லை. அந்தப் பக்கத்திலிருந்து. செல்வக்கனி அக்காவின் குரல், சுருதி சேராமல், மேலே போக வேண்டிய இடத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு.

என் வாயில் அந்த ராகம் முழுதாக நின்றது. ஈரக்கையால் வாயை மூடிக்கொண்டேன்.

பாட்டு முடிந்தது. தண்ணீர் ஊற்றும் சத்தம்.

"முழுங்கு. ம், முழுங்கு."

"அரைதான் அத்தை."

"அரைதான்ட்டி. பாத்துத்தான் பிச்சேன்."

டம்ளர் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது. ஒரு டம்ளர்.